அ.சா.1: நீதிமன்றச் சொற்களும் நம் சாட்சிகளும்



ஐயாவின் நினைவுச் சொற்பொழிவுக்கு என்ன தலைப்பு என்று மன்றத்திலிருந்து கேட்டபோது, "நீதிமன்றத்தில் புழங்கும் சொற்கள்" என்று சொன்னேன். "அதை வழக்கறிஞர் யாராவது பேசினால் பொருத்தமாக இருக்குமே" என்று ஒரு தோழர் தயங்கினார். நியாயமான தயக்கம்தான். நான் படித்தது சமூகவியல். ஐயாவும் சட்டம் படித்தவர் இல்லை, அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் கடைசிப் பத்தாண்டுகளில் அவர் அதிகம் உட்கார்ந்திருந்தது நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில். அவருடைய மஞ்சள் பையில் ஒரு நீள நோட்டு இருக்கும். எழுத்தாளராயிற்றே, கவிதை இருக்கும் என்று திறந்தால் உள்ளே வாய்தா தேதிகள் இருக்கும். எந்த ஊர் வழக்கு, எந்த நீதிமன்றம், அடுத்த வாய்தா என்றைக்கு, சாட்சி யார், அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்வது யார். அந்த நோட்டைத்தான் நான் அவருடைய முக்கியமான எழுத்து என்று நினைக்கிறேன்.

அந்த நோட்டு எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதில் என் தவறும் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிராமத்தில் ஓர் அக்காவின் மகன் ஊர்த் தெருவில் வண்டியை நிறுத்தாமல் ஓட்டிப் போனான் என்று வீடு புகுந்து அடித்தார்கள். அக்காவுக்குக் கை முறிந்தது. காவல் நிலையத்தில் வழக்குப் பதிய மறுத்தார்கள். நாங்கள் சாலையில் உட்கார்ந்தோம். நள்ளிரவில் வழக்குப் பதிந்தார்கள். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. வெற்றி என்று கலைந்தோம். நாலரை ஆண்டு கழித்து ஒரு நாள் அக்கா போனில் கூப்பிட்டார். "கோர்ட்டுல இருந்து சம்மன் வந்திருக்கு, என்ன செய்யணும்?" என்றார். நான் வேறொரு மாவட்டத்தில் கருத்தரங்கில் இருந்தேன். "அரசு வக்கீல் பார்த்துக்குவார், நடந்ததை நடந்தபடி சொல்லுங்க அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த ஊருக்குக் காலையில் ஒரே பேருந்து. அக்கா ஏறினார். அவரை அடித்தவர்கள் மூன்று பேரும் அதே பேருந்தில் ஏறினார்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மிரட்டவும் இல்லை. கூண்டில் ஏறிய அக்காவிடம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மிக மரியாதையாகக் கேட்டார்: "ராத்திரி நேரம், தெருவிளக்கு இல்ல, யாரு அடிச்சாங்கன்னு சரியாத் தெரியல, அப்படித்தானம்மா?" அக்கா "ஆமாங்க" என்றார். "பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் இவங்க பேரைப் புகார்ல எழுதுனீங்க?" "ஆமாங்க." எல்லாரும் விடுதலை.

பிறகு நான் கோபத்தோடு கேட்டபோது அக்கா சொன்ன பதில் இது: "கோட்டு போட்டுக்கிட்டு, அம்மான்னு கூப்பிட்டு, மரியாதையா கேக்கறாரு. எப்படி இல்லைன்னு சொல்றது?" ஐயா என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் சுருக்கமானது: "எஃப்ஐஆர் போட வச்சது நீங்க. சாட்சி சொல்லும்போது யாரு இருந்தா?" அடுத்த வாரம் அவர் அந்த நோட்டை வாங்கினார்.

தோழர்களே, அந்தக் கூண்டில் நடந்தது ஒரு சொல்லின் தோல்வி. "ஆமாங்க" என்பது நம் மக்கள் விரும்பி எடுத்துக்கொண்ட சொல் இல்லை. அதிகாரத்தின் முன் உயிரோடு இருக்கத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட சொல். ஆண்டையின் முன் அது தற்காப்பு. நீதிமன்றத்திலோ அது ஒப்புதல் வாக்குமூலமாகத் தட்டச்சாகிறது. அதனால்தான் இந்தச் சொற்களை நாம் கற்க வேண்டும் என்கிறேன். வரிசையாகவே பார்ப்போம்.

முதலில், முதல் தகவல் அறிக்கை. குற்றம் நடந்தது என்று காவல் நிலையத்துக்கு வரும் முதல் தகவலை எழுத்தில் பதிவது. 2024 ஜூலை 1க்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு. கைதுக்குரிய குற்றம் என்று தகவல் தெரிவித்தால் பதிந்தே ஆக வேண்டும் என்பது லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வன்கொடுமை தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 4ஆவது பிரிவின்படி, வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிய அதிகாரி, கையெழுத்து வாங்கும் முன் அதைப் படித்துக் காட்ட வேண்டும். நகலை உடனே தர வேண்டும். வேண்டுமென்றே செய்யாவிட்டால், அதிகாரி தலித்தாகவோ பழங்குடியாகவோ இல்லாத நிலையில், அது தண்டனைக்குரிய குற்றம்.

இங்கே நாம் செய்யும் பிழை ஒன்று உண்டு. வழக்குப் பதிந்தார்களா என்று பார்க்கிறோம், என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. சாதி சொல்லி இழிவுபடுத்திய குற்றத்துக்குச் சட்டம் கேட்பது, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்ததா என்பது. நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாமல் நடந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்லிவிட்டது. எங்கே நின்று சொன்னான், யார் யார் கேட்டார்கள், அவன் என்ன சாதி, என் சாதி அவனுக்கு எப்படித் தெரியும் என்ற நான்கும் முதல் நாளே எழுத்தில் வராவிட்டால், ஐந்து ஆண்டு கழித்துக் கூண்டில் சொல்லும்போது "இதைப் புகாரில் சொல்லவில்லையே" என்ற கேள்வி காத்திருக்கும்.

அடுத்தது புலன் விசாரணை அதிகாரி. வன்கொடுமை வழக்கை விசாரிப்பவர் காவல் துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டு விதிகளின் 7ஆவது விதி. சாட்சிகளை விசாரித்து அவர் எழுதும் வாக்குமூலம் பழைய 161, இன்றைய 180ஆவது பிரிவு. அதில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை. அதிகாரி எழுதியது சாட்சிக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. ஆனால் அதை வைத்துத்தான் பிறகு முரண்பாடு காட்டுவார்கள். தான் பார்க்காத தாளோடு தன் நினைவு பொருந்த வேண்டும் என்பதுதான் நம் சாட்சியின் நிலை.

மூன்றாவது சொல், எதிரி. தமிழ் நீதிமன்ற ஆவணங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் எழுதுவார்கள். முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி. இந்தச் சொல் நம் பக்கமும் எளிதாகத் திரும்பும். நம்மவர் புகார் கொடுத்த மறுநாளே எதிர்ப்புகார் வரும். அடிபட்ட பையன் அந்த வழக்கில் எதிரி ஆகிவிடுவான். பிறகு "நீ அதை விடு, நாங்க இதை விடுறோம்" என்று ராஜிக்கு அழைப்பார்கள்.

இதன் கொடூரமான வடிவத்தை விருத்தாசலம் அருகே பார்த்தோம். 2003 ஜூலையில் முருகேசனும் கண்ணகியும் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். முருகேசன் தலித். உள்ளூர்க் காவல்துறை பதிந்த வழக்கில் கொல்லப்பட்டவனின் உறவினர்களும் எதிரிகள் ஆனார்கள். 2004இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 15 பேரில் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் இருவர் காவல்துறையினர். விடுவிக்கப்பட்ட இருவரும் முருகேசனின் உறவினர்கள். மகனைப் பறிகொடுத்த குடும்பத்து ஆட்கள் 18 ஆண்டுகள் எதிரி என்ற பெயரோடு வாய்தாவுக்கு அலைந்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது.

நான்காவது சொல்தான் என் தலைப்பு. அ.சா.1, அதாவது அரசு தரப்புச் சாட்சி ஒன்று. குற்ற வழக்கில் ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் எதிரி. அடிபட்டவர் வழக்கின் தரப்பு இல்லை, அவர் அரசின் சாட்சி. குற்றம் சமூகத்துக்கு எதிரானது, அதனால் அரசே வழக்கு நடத்தும் என்பது இதன் தத்துவம். ஏழைக்குச் செலவில்லாமல் வழக்கு நடக்கும் என்ற நன்மை இதில் இருக்கிறது. ஆனால் அந்த அரசின் முகமாக நம் ஊரில் இருப்பவர் யார், அவர் யாருடைய திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிக்கிறார் என்பது நமக்குத் தெரியும். தன் வலிக்குத் தானே உரிமையாளர் இல்லை என்ற நிலையில் அ.சா.1 நிற்கிறார்.

இந்த நிலையைச் சட்டம் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 15ஏ என்ற பிரிவு சேர்ந்தது. பிணை மனு உட்பட எந்த நடவடிக்கையானாலும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் அறிவிப்புத் தர வேண்டும். பிணை, விடுவிப்பு, தண்டனை என எதிலும் அவர் தன் கருத்தைச் சொல்லலாம். தொண்டு அமைப்புகள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்களின் உதவியை அவர் பெறலாம். நீதிமன்ற நடவடிக்கைகள் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். அறிவிப்புத் தருவது வெறும் சடங்கு இல்லை, கட்டாயம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதே திருத்தம் இன்னொரு சொல்லையும் மாற்றியது. கொலை போன்ற பெரிய குற்றங்களில், தலித் என்ற "காரணத்தினால்" செய்தான் என்று முன்பு நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல்லால் விழுந்த வழக்குகள் பல. இப்போது தலித் என்று "தெரிந்தே" செய்தான் என்றால் போதும். ஒரு சொல்லை மாற்ற எத்தனை பேர் எத்தனை ஆண்டு போராட வேண்டியிருந்தது என்பதை மாணவர்கள் தனியாக ஆய்வு செய்யலாம்.

ஐந்தாவது, அரசு வழக்கறிஞர். அவர் அரசின் வழக்கறிஞர், அக்காவின் வழக்கறிஞர் இல்லை. அவருடைய மேசையில் நூறு கட்டுகள். பல நேரங்களில் சாட்சியை அவர் முதன்முதலில் பார்ப்பதே வழக்கு கூப்பிடும் நேரத்தில் தாழ்வாரத்தில்தான். ஆனால் பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மாவட்ட ஆட்சியர் திறமையான மூத்த வழக்கறிஞர் ஒருவரை அரசுச் செலவில் அமர்த்தலாம் என்று 4ஆவது விதி சொல்கிறது. இது கேட்டால் கிடைக்கக்கூடியது, கேட்காமல் வராது. கோகுல்ராஜ் வழக்கில் அவருடைய தாய் கேட்டார். 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட இளைஞரின் வழக்கு அது. வழக்கை நாமக்கல்லில் இருந்து மாற்ற வேண்டும், தான் நம்பும் சிறப்பு அரசு வழக்கறிஞர் வேண்டும் என்று அந்தத் தாய் உயர் நீதிமன்றம் வரை போனார். வழக்கு மதுரைக்கு மாறியது. முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும், கோயில் கண்காணிப்புக் கேமராப் பதிவு உள்ளிட்ட சான்றுகளின் பேரில் 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் இருவரின் தண்டனையை மட்டும் குறைத்து, மற்றவர்களுக்கு அதை உறுதி செய்தது. சாட்சியாக மட்டும் நிற்க மறுத்த ஒரு தாயின் வெற்றி அது.

ஆறாவது, பிறழ் சாட்சி. காவல்துறையிடம் சொன்னதை நீதிமன்றத்தில் மறுத்துவிட்டால், அரசு வழக்கறிஞரே அவரைப் பிறழ் சாட்சியாகக் கருதச் சொல்லி அனுமதி பெற்றுக் குறுக்கு விசாரணை செய்வார். வன்கொடுமைக் குற்றங்களில் இரு தரப்பும் தாமாக ராஜி செய்துகொள்ளச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே ராஜி இந்தப் பின்வாசல் வழியாக நுழைகிறது. நம் கூட்டங்களிலேயே "காசு வாங்கிட்டுப் பிறழ்ந்துட்டான்" என்று எளிதாகச் சொல்கிறோம். வாங்கியவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர் வேலைக்குப் போவது யார் வயலுக்கு? அவர் மாடு மேய்வது யார் வரப்பில்? அவர் மகள் கல்லூரிக்குப் போகும் பாதை எந்தத் தெரு வழியாக? சாட்சி பிறழ்வதற்கு முன்பே நாம் விலகிவிட்டோமே, அதற்குச் சட்டத்தில் பெயர் இல்லை என்பதால் தப்பித்துக்கொள்கிறோம். பிறழ் சாட்சி சொன்னது முழுவதும் அழிந்துவிடாது, மற்ற சான்றுகளோடு பொருந்தும் பகுதியை நீதிமன்றம் ஏற்கலாம் என்பதும் உறுதியான சட்டம்தான். அதையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஏழாவது, குறுக்கு விசாரணை. அக்கா விழுந்த இடம் இதுதான். சாட்சியின் வாய்மொழி தமிழில் தட்டச்சாகும்போது ஒரு வாய்ப்பாடு உண்டு. "நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." "எனக்கும் எதிரிக்கும் முன்விரோதம் இருந்தது என்றால் சரிதான்." சாட்சி பேசிய பேச்சு எல்லாம் இந்த "சரிதான், சரியல்ல" என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஐயா சாட்சிகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துச் சொல்லித் தந்தது இந்த ஒன்றைத்தான். என்ன சாட்சி சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது தவறு, வழக்கையும் கெடுக்கும். அவர் சொன்னது இவ்வளவுதான்: "கேள்வி புரியலைன்னா புரியலைன்னு சொல்லு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு. அவர் சொல்றது நடந்ததுக்கு மாறா இருந்தா 'இல்லைங்க, அது தப்பு'ன்னு சத்தமா சொல்லு. நீதிபதியைப் பார்த்துச் சொல்லு." இல்லை என்று சொல்வதற்கு ஒத்திகை தேவைப்படும் சமூகமாக நம்மை வைத்திருந்தார்கள் தோழர்களே.

கடைசிச் சொல், சந்தேகத்தின் பலன். நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படாவிட்டால் எதிரிக்கு விடுதலை. இந்தக் கோட்பாட்டை நான் எதிர்க்கவில்லை. பொய் வழக்குகளில் சிறையில் கிடப்பவர்களிலும் நம் மக்கள் ஏராளம், அவர்களைக் காப்பதும் இதுதான். என் கேள்வி வேறு. சந்தேகம் யார்மீது எளிதாக எழுகிறது? 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரும் நிலக்கிழார்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. பிழைத்து வந்து சாட்சி சொன்னவர்களின் சொல்லைவிட மிராசுதாரரின் அந்தஸ்து கனமாக நின்றது. சந்தேகத்தின் பலன் எல்லாருக்கும் பொது. நம்பிக்கையின் பலன் மட்டும் சாதி பார்த்துக் கிடைக்கிறது.

தீர்ப்போடும் எதுவும் முடிவதில்லை. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சேலத்தில் நடந்த விசாரணையில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2019 நவம்பரில், தண்டனையில் எஞ்சியிருந்த 13 பேர் முன்விடுதலை செய்யப்பட்டார்கள். சாட்சி சொன்னவர்கள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே இந்த மன்றத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கிறேன்.

ஒன்று, வாய்தா நோட்டு. நாம் போராடிப் பதிய வைத்த ஒவ்வொரு வழக்கும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மாவட்டவாரியாக ஒரு நோட்டு வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலாகி இயன்றவரை இரண்டு மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும் என்கிறது சட்டம். முடியவில்லை என்று கேட்க, முதலில் நமக்குத் தேதி தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு, உடன் செல்வது. சாட்சிக்கு அழைப்பாணை வந்த அன்று அவர் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார வேண்டும். டவாலி பெயரைக் கூப்பிடும்போது பின்வரிசையில் தெரிந்த முகம் ஒன்று தென்பட வேண்டும். 11ஆவது விதியின்படி சாட்சிக்குப் பயணச் செலவும் அன்றைய கூலிக்கு ஈடான படியும் உண்டு. அதை எழுதி வாங்கித் தருவதும் இந்த வேலையில் அடங்கும்.

மூன்று, எழுதுவது. சட்டக் கல்லூரி மாணவர்களும் இலக்கிய மாணவர்களும் சேர்ந்து இந்தச் சொற்களை நம் பேச்சுத் தமிழில் ஒரு சிறு நூலாக்க வேண்டும். சேரியில் சத்தமாகப் படித்தால் புரிகிற நூலாக அது இருக்க வேண்டும்.

அந்த அக்கா இன்று இந்த அரங்கத்தில் இருக்கிறார். ஐயா இறந்த பிறகு வேறொரு வழக்கில் சாட்சி சொல்லப் போன ஒரு பெண்ணுக்குத் துணையாக அவரே போனார். திரும்பி வந்து எனக்குப் போன் செய்தார். "அந்தப் பொண்ணு நாலு தடவை 'இல்லைங்க'ன்னு சொல்லுச்சு" என்றார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. அடுத்த வாய்தா தேதி ஐயாவின் நோட்டில் இருக்கிறது, அக்காவின் கையெழுத்தில்.